புதுச்சேரி பக்கத்து இன்டர்நேஷனல் ஸ்கூல் விடுதியில் மகளைச் சேர்க்கலாமா?

கடலூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். புதுச்சேரி பக்கம் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலில், விடுதியோடு எட்டாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று கணவர் சொல்கிறார். பள்ளி கொடுத்த கையேட்டில் 'உங்கள் பிள்ளையை உலகக் குடிமகனாக்குகிறோம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. பள்ளி நடக்கும் நாட்களில் அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும், அந்த வாசகத்துக்கு உள்ளே ஏதாவது சரக்கு உண்டா என்று கேட்கிறார். கேள்வியை இரண்டு முறை படித்தேன். உண்மையில் கேட்டிருப்பது இன்னும் நேரானது என்று தோன்றுகிறது: இவ்வளவு பணம் கட்டினால் அதற்கு ஏற்ற படிப்பு கிடைக்குமா, நாலு வருடம் கழித்து வீட்டுக்கு வரும் பெண் நம் பெண்ணாகவே இருப்பாளா? நீங்கள் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பல குடும்பங்கள் அதில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இந்தப் பகுதியில் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் சமூக அறிவியல் ஆசிரியையாகவும் பெண் பிள்ளைகள் விடுதிப் பொறுப்பாளராகவும் பல வருடம் இருந்தேன். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்), கேம்பிரிட்ஜ் இரண்டு பாடத்திட்டத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து வேனில் போய் வரும் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. அதனால் நான் சொல்வதை விடுதி வாழ்க்கைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்ப்பலகை. 'இன்டர்நேஷனல்' என்று எழுதியிருந்தால் வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரோடு சிபிஎஸ்இ நடத்தும் பள்ளிகள் நம் பக்கம் நிறைய. சிபிஎஸ்இ ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் அதற்குப் போய் சர்வதேசக் கட்டணம் கட்டுவதா என்பது வேறு விஷயம். வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்றால் இங்கே பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஜெனீவாவில் 1968-இல் தொடங்கிய ஐபி. இன்னொன்று கேம்பிரிட்ஜ், அதன் பத்தாம் வகுப்புத் தேர்வான ஐஜிசிஎஸ்இ 1988 முதல் நடக்கிறது, அதற்கு மேல் ஏஎஸ், ஏ லெவல். இரண்டு அமைப்புகளும் தாங்கள் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. பள்ளியின் பெயரைத் தேடினால் உடனே தெரிந்துவிடும். ஐபியில் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கீகாரம் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி. தொடக்கநிலைக்கு வாங்கியிருக்கும் பள்ளிக்கு உங்கள் மகள் சேரும் நடுநிலைக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்று சொன்னால், இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

புதுச்சேரிக்கு மட்டும் இன்னொரு வகையும் உண்டு. இந்தப் பெயர் நாகரிகமாவதற்கு வெகு காலம் முன்பே இங்கே பல நாட்டுக் கல்வி இருந்தது. லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி 1826-இல் தொடங்கியது; படிப்பு பிரெஞ்சில், முடிவில் பிரான்ஸ் நாட்டின் பக்கலோரேயா தேர்வு. அரவிந்தர் ஆசிரமத்துப் பள்ளி 1943 டிசம்பர் 2 அன்று தொடங்கியது. கணக்கும் அறிவியலும் அங்கே பிரெஞ்சில் சொல்லித் தருகிறார்கள். தேர்வு, பட்டம் இரண்டும் கிடையாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். ஆரோவில் 1968-இல் உருவானது, அதற்குத் தனிப் பள்ளிகள் உண்டு. இவை ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். எட்டாம் வகுப்பில் நடுவே போய் ஏறிக்கொள்ளும் வண்டி இல்லை. நீங்கள் சொல்லும் கையேடு இவற்றில் எதனுடையதும் இல்லை என்றே நினைக்கிறேன், அதனால் தனியார் விடுதிப் பள்ளி என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

சரி, ஒரு சாதாரண நாள். பள்ளிக்குப் பள்ளி மணி மாறும், வரிசை பெரிதாக மாறாது. ஆறு மணிக்கு முன் எழுப்புவார்கள். ஓட்டமோ யோகாவோ முடித்துக் குளியல். பக்கெட்டுக்கு வரிசை என்ற காலமெல்லாம் போய்விட்டது, ஆனால் கண்ணாடிக்கு வரிசை இன்னும் இருக்கிறது. இட்லியோ பிரெட்டோ சாப்பிட்டு, எட்டரைக்குள் வகுப்பு. மூன்றரை, நான்கு வரை பாடம். பிறகு டீ, பிஸ்கட், விளையாட்டு. ஏழு மணியை ஒட்டி ஸ்டடி, அது முடிந்து மெஸ், பிறகு வீட்டுக்குப் போன் பேச ஒரு நேரம். பெரிய வகுப்புக்கு மறுபடி ஸ்டடி, பத்து பத்தரைக்கு விளக்கு அணைப்பு. சனிக்கிழமை பாதி நாள் ஏதாவது நடக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி, தலைக்கு எண்ணெய், தூக்கம், எப்போதாவது பீச் ரோடுக்கு அவுட்டிங். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் வெறும் நேரம் இங்கே கிடைக்காது. சில பிள்ளைகளுக்கு அது நல்லது. தனியாக உட்கார்ந்து படம் வரையவோ கதை படிக்கவோ பிடித்த பிள்ளைக்கு அது மூச்சுமுட்டல். உங்கள் மகள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டு ஏக்கம் வரும். வராத பிள்ளையைத்தான் நான் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பேன். முதல் இரண்டு மூன்று வாரம் அழுகை இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், பள்ளியும் தயாராக இருக்கும். யாரும் எச்சரிக்காதது தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பும் வாரம். முதலில் வந்தபோது புதுசு என்ற ஆர்வமாவது இருந்தது. இப்போது எது காத்திருக்கிறது என்று தெரிந்தே திரும்புகிறார்கள். கடலூர் ஒரு மணி நேர தூரம்தானே, ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பீர்கள். பெரும்பாலான பள்ளிகள் அதை விடாது, விடாததும் நல்லதுதான். துபாயிலும் சிங்கப்பூரிலும் பெற்றோர் இருக்கும் பிள்ளை பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒன்று: பிள்ளை கேட்டால் அன்றைக்கே போனில் பேச முடியுமா, வார்டன் பக்கத்தில் நிற்காமல் பேச முடியுமா என்று சேர்க்கும் முன் கேட்டுவிடுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த விதி பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத்தான் கற்றுக் கொடுத்தது.

அப்புறம், யார் யார் அங்கே படிக்கிறார்கள்? கையேட்டுப் படத்தில் பொன்னிறத் தலைமுடியோடு நாலு பிள்ளைகள் சிரிப்பார்கள். உள்ளே போனால் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள்தான்: சேலத்து டெக்ஸ்டைல் குடும்பம், நெய்வேலி எஞ்சினியர் வீடு, வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், மலேசியத் தமிழர்கள், சென்னைப் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளுக்கு வந்த கொரியக் குடும்பங்களின் பிள்ளைகள் ஓரிருவர். புதுச்சேரிக்கே உரிய ஒரு கூட்டமும் உண்டு, சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகள், அதாவது பிரெஞ்சுப் படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகள். புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அப்பா பாரிஸ் புறநகரில் வேலை, பிள்ளையைக் கொஞ்ச காலம் நம் ஊரில் படிக்க வைக்கலாம் என்று அனுப்புவார்கள். பாஸ்போர்ட் பிரான்ஸ், பேச்சு ஆயா பேசும் அசல் புதுச்சேரித் தமிழ், ஆனால் அ, ஆ படிக்கத் தெரியாது.

அப்படி வந்த ஒரு பெண்ணையும் விருத்தாசலம் பக்கத்துப் பெண் ஒருத்தியையும் ஒரே அறையில் போட்டிருந்தோம். கூட இன்னும் இரண்டு பேர். முதல் வாரமே சண்டை. கலாச்சாரம், மதம் எதுவும் இல்லை, மின்விசிறி. ஒருத்திக்கு ஐந்தில் ஓட வேண்டும், ஒருத்திக்கு சளி பிடிக்கும். ஒருத்தி ஜன்னலைத் திறப்பாள், மற்றவள் கொசு என்று சாத்துவாள். ஐபி பள்ளிகளில் வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகளே உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதும் வழக்கம் உண்டு, நாம் இப்படி நடந்துகொள்வோம் என்று. அதையே அறைக்கும் எழுதச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்து ஒரு தாள் வந்தது: பதினோரு மணி வரை ஃபேன் நாலில், பிறகு இரண்டில், ஜன்னல் மாலை ஆறு மணிக்குச் சாத்தப்படும், ஒன்பதுக்குத் திறக்கப்படும், ஈரத் துண்டை அடுத்தவர் கட்டிலில் போட்டால் ஒரு நாள் எல்லோர் வாட்டர் பாட்டிலையும் அவள் நிரப்ப வேண்டும். நாலு கையெழுத்து, அதில் ஒன்று பிரெஞ்சுக்காரியின் கோணல் தமிழில். அந்த ஒப்பந்தம் பத்து நாளில் மீறப்பட்டது. நான் தலையிடவில்லை; ஞாயிற்றுக்கிழமை அவர்களே உட்கார்ந்து திருத்தினார்கள். வருடம் முழுவதும் அந்தத் தாள் கதவுக்குப் பின்னால் அடித்தல் திருத்தலோடு ஒட்டியிருந்தது. உலகக் குடிமை என்று எதைக் காட்டுவீர்கள் என்று என்னைக் கேட்டால், கொடிகள் கட்டிய அரங்கத்தைவிட அந்தத் தாளைத்தான் காட்டுவேன். தனக்குப் பிடிக்காத ஒருத்தியோடு, அவள் விலகிப் போக வழியில்லாத இடத்தில், இருவரும் தாங்கக்கூடிய ஒரு விதியை உண்டாக்குவது. பெரியவர்கள் ஐநா சபையில் செய்ய முயல்வதும் அதைத்தான்.

பாடத்திட்டத்தில் இதற்கு உறுதியாக என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஐநா 2015-இல் ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது கல்வி. அதன் உட்பிரிவு 4.7 உலகக் குடிமையைப் பெயர் சொல்லியே கேட்கிறது. கேம்பிரிட்ஜில் குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ் என்று தனிப் பாடமே உண்டு. ஐஜிசிஎஸ்இ நிலையில் எழுத்துத் தேர்வு, தனி அறிக்கை, குழுத் திட்டம் என்று மூன்று பகுதி. ஆனால் அது விருப்பப் பாடம், எல்லா கேம்பிரிட்ஜ் பள்ளியும் நடத்துவதில்லை. ஐபியில் நடுநிலைப் பிள்ளைகள் பள்ளியைப் பொறுத்து சமூகத்துக்கான ஒரு திட்டமும், அந்த நிலையின் கடைசி வருடத்தில் சொந்தமாக ஒரு திட்டமும் செய்வார்கள். பதினொன்று, பன்னிரண்டில் டிப்ளமா: ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண், அதோடு 4000 சொல்லுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரையும் அறிவுக் கோட்பாடு என்ற பாடமும் சேர்ந்து 3, ஆக மொத்தம் 45. கூடவே சிஏஎஸ்: படைப்பாற்றல், உடற்பயிற்சி, சேவை. குறைந்தது 18 மாதம் விடாமல் நடக்க வேண்டும். சிஏஎஸ்ஸுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் அதை முடிக்காதவருக்கு டிப்ளமா கிடையாது. இது காகிதத்தில். காகிதம் எப்படி நடக்கிறது என்பது ஆசிரியரைப் பொறுத்தது, பள்ளியின் பெயரைப் பொறுத்ததில்லை.

நன்றாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் குழுத் திட்டத்துக்குக் கடற்கரையை எடுத்துக்கொண்டார்கள். முதலில் எல்லோரும் செய்வதுதான்: 'கடலைக் காப்போம்' என்று போஸ்டர், பிளாஸ்டிக் பொறுக்குவது, போட்டோ. கூட இருந்த ஆசிரியர், மணல் எங்கே போனது என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று பொம்மையார்பாளையம் பக்கம் அனுப்பினார். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். ஒருத்தி பெருமையாகப் புதுச்சேரி என்றாள். "உங்க ஊர்க் கல்லுதாம்மா எங்க மணலைத் தின்னுது" என்றார் பாட்டி.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. திரும்பி வந்து தேடினார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் திசை மாறும். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. வடக்கே இருப்பது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். மணல் இல்லாத கரையில் கரைவலை இழுக்க முடியாது, படகை ஏற்றி வைக்கவும் இடமில்லை. ஒரு ஆட்சிப் பகுதி தன்னைக் காத்துக்கொண்ட செலவை, அங்கே ஓட்டுரிமை இல்லாத பக்கத்து ஊர் கட்டியிருக்கிறது. பின்னாளில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து, அந்தப் பகுதியில் மணல் திரும்பச் சேர்ந்தது; அதன் விளைவு வடக்கே எப்படி என்று கேட்கவும் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். போஸ்டரைக் கிழித்துப் போட்டார்கள். அறிக்கையில் ஒரு வரைபடம், அதில் எல்லைக் கோடு, கோட்டைக் கண்டுகொள்ளாமல் போகும் மணலின் அம்புக்குறிகள். கார்பன் புகையும் மாலத்தீவும் பற்றி அடுத்த வருடம் பாடம் வந்தபோது அவர்களுக்கு யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு விமானச் சீட்டு தேவைப்படவில்லை, டவுன் பஸ் போதுமாயிருந்தது. நம் பகுதி அப்படிப்பட்டது. ரோமானிய மது ஜாடித் துண்டுகள் கிடைத்த அரிக்கமேடு அரை நாள் பயணம்கூட இல்லை. 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய இடம். கடலூரில் ஆங்கிலேயர்கள் 1690-இல் கோட்டையை விலைக்கு வாங்கி உட்கார்ந்தார்கள். தேவனாம்பட்டினத்தில் சுனாமியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தானே புயலில் சாய்ந்த முந்திரித் தோப்பைப் பற்றிப் பேசப் பண்ருட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் போதும். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு நாலு நாள் அழைத்துப்போய் 'குளோபல் இமர்ஷன்' என்று பில் போடும் பள்ளியைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கட்டணத்தில் அது சேர்த்தியா, தனியா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் தனி. தேர்வுக் கட்டணமும் பெரும்பாலும் தனி.

எம்யூஎன் என்று ஒன்றைப் பெருமையாகக் காட்டுவார்கள், மாதிரி ஐநா சபை. கோட் போட்டுக்கொண்டு பதினாலு வயதுப் பிள்ளைகள் நார்வேயாகவும் கென்யாவாகவும் பேசுவார்கள். மேடைக் கூச்சம் போகும், எதிராளியின் வாதத்தை யோசிக்கப் பழகும், நல்ல விளையாட்டு. அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம். நாடுகளின் தின விழாவும் அப்படித்தான். உடை, உணவு, நடனம், அப்பா அம்மாவுக்கு வீடியோ. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், போதும்.

இனி சங்கடமான பகுதி. இந்தப் பள்ளிகளில் தேசம் கலக்கும், வர்க்கம் கலக்காது. கொரியப் பையனோடு சகஜமாகப் பழகும் பிள்ளைக்கு, தினமும் தன் அறையைப் பெருக்கும் அக்காவின் பெயர் தெரியாமல் இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் ரேஷன் கடை எங்கே என்று தெரியாது, ஆனால் ஆப்பிரிக்காவின் குடிநீர்ப் பிரச்சினைக்குப் பணம் திரட்டியிருக்கும். சேவை என்ற பெயரில் வருடத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் போய் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்த பிள்ளையும் வாங்கிய பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதையே வேறு விதமாகச் செய்யும் பள்ளிகளும் உண்டு: வாரா வாரம் ஒரே நாள், ஒரே பள்ளி, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கபடியோ அறிவியல் சோதனையோ. மூன்றாவது மாதம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆறாவது மாதம் சண்டை போடுவார்கள். சண்டை வந்தால் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள் என்றும் பாருங்கள். பிள்ளைகளே கழுவும் பள்ளியும் உண்டு, 'அதற்கு ஆள் இருக்கிறது' என்னும் பள்ளியும் உண்டு.

இந்தப் படிப்பு பிள்ளையின் குணத்தில் நிலைக்குமா என்பதில் உறுதியாகப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. இருபத்தைந்து வயதில் என்னைப் பார்க்க வரும் பழைய மாணவிகளில் அடுத்தவர் பக்கத்திலிருந்து யோசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. ஆனால் அவர்களின் வீடும் அப்படிப்பட்ட வீடாகவே இருந்தது. பள்ளி எவ்வளவு, வீடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நம் பெண்ணாகவே திரும்புவாளா என்ற உங்கள் பயத்துக்கும் இதே பதில்தான். பேச்சு மாறும், சாப்பாட்டில் நொட்டை சொல்வாள், முதல் விடுமுறையில் அம்மாவிடமே இங்கிலீஷில் பதில் சொல்வாள். அது பெரும்பாலும் மேல் பூச்சு. தமிழ் மட்டும் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது. தமிழ்நாட்டில் 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பிறகு மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் விரிந்தது, ஆனால் புதுச்சேரி எல்லைக்குள் அந்தச் சட்டம் இல்லை. 'புதுச்சேரி பக்கம்' என்று சொல்லப்படும் வளாகம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆரோவிலே பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சோ ஸ்பானிஷோ எடுக்கலாம் என்று பள்ளி சொன்னால், பிரெஞ்சை எடுத்துக்கொள்ளட்டும், தமிழை விட வேண்டாம். ஐபி டிப்ளமாவில், பள்ளியில் தமிழ் ஆசிரியர் இல்லாவிட்டாலும் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானாகப் படித்துத் தேர்வெழுத வழி இருக்கிறது. பல பள்ளிகள் தாமாக அதைச் சொல்லாது, கேட்டால்தான் சொல்லும்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன்: டாக்டர் ஆக வேண்டும் என்றால்? கடலூர்க் குடும்பம் என்றால் ஜிப்மர் கனவு எங்காவது ஒரு மூலையில் இருக்கும். ஐபி டிப்ளமாவையும் ஏ லெவலையும் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயு ஏற்கிறது, அந்தக் கதவு மூடவில்லை. ஆனால் நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐபி டிப்ளமாவின் வழக்கமான அமைப்பில் அறிவியல் பாடம் இரண்டுதான் எடுக்க முடியும். மூன்றும் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத் தேவையைக் காட்டிப் பள்ளி முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். நீட் என்சிஇஆர்டி புத்தகங்களை ஒட்டியது, ஐபியின் கேள்விகள் வேறு மாதிரி. போதாததற்கு ஐபி இறுதித் தேர்வும் நீட்டும் பெரும்பாலும் ஒரே மே மாதத்தில் வந்து நிற்கும். கேம்பிரிட்ஜில் மே-ஜூன் தேர்வின் முடிவு ஆகஸ்டில்தான் வரும். இந்தியச் சேர்க்கைக்கு அது தாமதம் என்பதால் இங்கே மார்ச் தேர்வும் வைக்கிறார்கள், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் அது உண்டா என்று பார்க்க வேண்டும். மகளுக்கு மருத்துவம்தான் என்று பத்தாம் வகுப்புக்குள் தெளிவானால், பத்து வரை இங்கே படிக்க வைத்துவிட்டுப் பதினொன்றில் சிபிஎஸ்இக்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாற்றுவதுதான் நான் சொல்லும் வழி. பொறியியல், சட்டம், வடிவமைப்பு, பொருளாதாரம் என்றால் இவ்வளவு சிக்கல் இல்லை. வெளிநாட்டில் படிப்பு என்றால் இந்தச் சான்றிதழ்கள் நேராகவே செல்லும்.

பள்ளியைப் பார்க்க ஓபன் டே அன்று போகாதீர்கள். ஒரு செவ்வாயோ புதனோ, மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் யாராலும் நடிக்க முடியாது. மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடக் கேளுங்கள். சேவைத் திட்டம் எந்த ஊரில், எந்தக் கிழமை, போன வருடம் அதே ஊரா என்று கேளுங்கள். ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்றும், இரவில் விடுதியில் பெரியவர் யார் தங்குகிறார், காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனை என்றும் கேளுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், ஆனால் நீங்கள் அலுவலகத்தில் பேசும்போது அவளை ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணோடு வளாகத்தைச் சுற்றிவர அனுப்புங்கள். திரும்பி காரில் ஏறியதும் எதுவும் கேட்காதீர்கள். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிடுவாள்.